எந்த வெள்ளிக்கிழமை? தமிழ்ப் பட ரிலீஸும் பள்ளிக்கூடக் காலண்டரும்

கேள்வி இது: “பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று ஒரே வாரத்தில் பெரிய படங்கள் முட்டி மோதுகின்றன. மற்ற வாரங்களில் தியேட்டர் காற்று வாங்குகிறது. பிரித்துப் பிரித்து வெளியிட்டால் என்ன? சிறிய பட்ஜெட்டில் எடுத்து முடித்த ஒரு குடும்பப் படத்துக்கு எந்த மாதம் சரிப்படும்?”

பண்டிகையை வைத்துக் கணக்குப் போடுவதால்தான் இது புதிராகத் தெரிகிறது. பள்ளிக்கூட லீவை வைத்துப் போட்டுப் பாருங்கள். பாதி விஷயம் தானாக விளங்கிவிடும்.

நான்கு காட்சி ஓட்டும் ஒரு திரைக்கு வாரத்துக்கு 28 காட்சிகள். பள்ளி நடக்கும் சாதாரண வாரத்தில், நட்சத்திரம் இல்லாத ஒரு படத்துக்கு இவற்றில் எத்தனை உயிரோடு இருக்கும்? வெள்ளி மாலை, இரவு: இரண்டு. சனிக்கிழமை நான்கு. ஞாயிறு மூன்றுதான், ஞாயிறு இரவுக் காட்சிக்குக் குடும்பம் வராது, மறுநாள் காலை ஏழரைக்கு வாசலில் பள்ளி வேன் நிற்கும். திங்கள் முதல் வியாழன் வரை மாலைக் காட்சி மட்டும்: நான்கு. மொத்தம் 13. மீதி 15 காட்சிகளும் ஏ.சி. ஓட்டும் செலவுக்குக்கூடக் கட்டாது. வார நாள் காலைக் காட்சியில் கல்லூரிக்கு மட்டம் போட்ட நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதே படத்தை மே மாதம் ஓட்டினால் செவ்வாய்க்கிழமை மேட்னிக்கும் பாட்டி, அம்மா, இரண்டு பிள்ளைகள், லீவுக்கு வந்த அத்தை மகன் என்று ஐந்து டிக்கெட் ஒன்றாகக் கிழியும். 28 காட்சிக்கும் வாய்ப்பு உண்டு. ஆக, லீவு வாரம் ஒன்று சாதாரண வாரம் இரண்டுக்குச் சமம்.

பண்டிகை தருவது வேறு. அது இரண்டு, மூன்று நாள் கூட்டத்தைத் தரும். அந்தக் கூட்டத்தைக் காட்டி விநியோகஸ்தர்களிடம் முன்பணம் வாங்கலாம். ஆனால் ஓப்பனிங் வேறு, ஓட்டம் வேறு. பண்டிகையும் லீவும் ஒட்டி வந்தால் அந்த வாரத்துக்குப் பெரிய படங்கள் அடித்துக்கொள்ளும். பண்டிகை மட்டும் வந்து லீவு வரவில்லை என்றால், நாலாம் நாளே அரங்கில் நாற்காலி தெரியும்.

இனி ஆண்டைப் பள்ளிக்கூடம் எண்ணுகிற மாதிரியே ஜூனில் தொடங்குவோம்.

தமிழ்நாட்டில் பள்ளி திறப்பது ஜூன் முதல் அல்லது இரண்டாம் வாரம். ஆனால் காலண்டரில் அச்சான தேதியை நம்பக் கூடாது. கத்திரி வெயில் மே 28 வாக்கில் முடிந்தாலும் சூடு தணியவில்லை என்றால் அரசு தள்ளிப்போடும். 2023இல் ஜூன் 1 என்று இருந்தது இரண்டு முறை தள்ளி, மேல் வகுப்புகளுக்கு ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 ஆனது. 2024இல் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆனது. ஜூன் முதல் வெள்ளியில் வரும் படத்துக்கு இந்தச் சில நாள் பெரிய லாபம். ‘விக்ரம்’ 2022 ஜூன் 3இல் வந்தது. பள்ளிகள் திறந்தது ஜூன் 13. பத்து நாள் முழு லீவு கிடைத்தது. அதற்குள் பேச்சு பரவிவிட்டது, பள்ளி திறந்த பிறகும் ஓடியது. படம் நன்றாக இருந்தது என்பது முதல் காரணம். அந்தப் பத்து நாள் இரண்டாவது காரணம்.

பள்ளி திறந்ததும் குடும்பத்தின் கையில் காசு இருக்காது. கட்டணம், சீருடை, நோட்டு, ஷூ, வேன் முன்பணம் எல்லாம் ஒரே மாதத்தில் வரும். அப்படியே ஜூலை பாதியில் ஆடி பிறக்கும். ஆடியில் படம் வெளியிட்டால் விளங்காது என்று திரைத்துறையில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. ஆடிமேல் பழி போடுவது சுலபம். உண்மையில் அந்த மாதத்தில் பர்ஸ் காலி; இருக்கிற கொஞ்சமும் ஆடித் தள்ளுபடியில் துணிக்கடைக்குப் போய்விடும்; அம்மன் கோயில் கூழும் திருவிழாவும் மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளும். ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்ட் 10இல், அதாவது ஆடி முடியும் முன்பே வந்து நின்றது. சுதந்திர தின வார இறுதி அதற்கு முட்டுக் கொடுத்தது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 15 ஒரு தனி சீசனாகவே ஆகிவிட்டது: 2024இல் ‘தங்கலான்’, ‘டிமான்டி காலனி 2’ இரண்டும் அதே தேதியில், 2025இல் ‘கூலி’ ஆகஸ்ட் 14இல். ‘கூலி’யிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கிடைத்தது ‘ஏ’ சான்றிதழ். நீண்ட வார இறுதியைப் பிடித்துவிட்டு, பிள்ளைகளை வாசலில் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை. லீவைக் குறிவைத்துத் தேதி பிடிப்பவர் சான்றிதழையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

செப்டம்பர் மாதம் காலாண்டுத் தேர்வு. விடுமுறை செப்டம்பர் கடைசி வாரம் தொடங்கும், காந்தி ஜெயந்தியைத் தொட்டு முடியும். இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. காலாண்டு லீவு ஆங்கிலத் தேதிப்படி, கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். ஆயுத பூஜையோ திதிப்படி நகரும். சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாக விழும், சில ஆண்டுகளில் மூன்று வாரம் விலகி நிற்கும். 2025இல் ஆயுத பூஜை அக்டோபர் 1, விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் அக்டோபர் 2. காலாண்டு லீவு செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை. மூன்றும் ஒரே மூட்டை. ‘இட்லி கடை’ அக்டோபர் 1, கன்னடத்திலிருந்து ‘காந்தாரா’வின் முன்கதை அக்டோபர் 2 என்று வரிசை கட்டியதில் வியப்பில்லை. 2023இல் ஆயுத பூஜை அக்டோபர் 23. காலாண்டு லீவு அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 19இல் வந்த ‘லியோ’வுக்குப் பண்டிகைதான் துணை, லீவு இல்லை. நட்சத்திரப் படம் என்பதால் தாங்கியது. 2026இலும் இதே கதைதான்: தீபாவளி நவம்பர் 8, எனவே ஆயுத பூஜை அக்டோபர் 19. இப்படிப்பட்ட ஆண்டில் சிறிய குடும்பப் படம் ஆயுத பூஜையைப் பிடிப்பதைவிடச் செப்டம்பர் கடைசி வெள்ளியைப் பிடிப்பது மேல்.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் உள்ள இடைவெளி மட்டும் மாறவே மாறாது. இரண்டும் திதிக் கணக்கு என்பதால் எந்த ஆண்டு எடுத்தாலும் 19, 20 நாள்தான். ஆகவே ஆயுத பூஜைக்கு வரும் படத்தின் ஆயுள் அதிகபட்சம் இரண்டரை வாரம். ஒப்பந்தம் போடும்போது நான்காவது வார வசூலை எழுதிக்கொண்டு வருபவரைப் பார்த்தால் அவர் பஞ்சாங்கம் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தீபாவளி. தமிழ் சினிமாவின் மிகப் பழைய ரிலீஸ் தேதி இதுதான். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்பதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1987இல் ‘நாயகன்’, ‘மனிதன்’. 1991இல் ‘தளபதி’, ‘குணா’. 1992இல் ‘தேவர் மகன்’, ‘பாண்டியன்’ என்று இரட்டை மோதல்கள் நடந்ததும் இந்த நாளில்தான். போனஸ் கைக்கு வந்திருக்கும், புதுச்சட்டை போட்டுக்கொண்டு போக ஓர் இடம் வேண்டும், தியேட்டர் அதற்குத் தோதான இடம். ஆனால் பள்ளி லீவு என்று பார்த்தால் தீபாவளி மெலிந்த பண்டிகை. சரியாக ஒரு நாள். திங்கள் அல்லது வெள்ளியில் விழுந்தால் மூன்று நாள். அரசு ஒரு நாள் கூட்டிக் கொடுத்தால் நான்கு. 2024இல் வியாழன் தீபாவளி, வெள்ளிக்கிழமையும் விடுமுறை அறிவித்தார்கள். ‘அமரன்’ படத்துக்கு நான்கு நாள் தொடர்ந்து கிடைத்தது. 2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை; திங்கட்கிழமையும் விடுமுறை அறிவித்ததால்தான் மூன்று நாள் கிடைத்தது.

தீபாவளியன்று காலைக் காட்சியை நம்பக் கூடாது என்பதும் விநியோகஸ்தர்கள் அறிந்தது. எண்ணெய்க் குளியல், பலகாரம், பட்டாசு, டிவியில் பட்டிமன்றம், “இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக” என்று ஒரு புதுப் படம். வீட்டை விட்டுக் கிளம்பவே மதியம் ஆகிவிடும். அதனால்தான் இப்போது தீபாவளிக்கு இரண்டு, மூன்று நாள் முன்பே படம் வந்துவிடுகிறது. 2025 தீபாவளி அக்டோபர் 20 திங்கள். ‘டியூட்’, ‘பைசன்’ இரண்டும் 17ஆம் தேதி வெள்ளிக்கிழமையே வந்தன. பண்டிகை நாளில் படம் மூன்றாம் நாளைத் தாண்டியிருக்கும், “நல்லாயிருக்கு” என்ற பேச்சு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

தீபாவளிப் படத்தைக் கொல்வது பெரும்பாலும் போட்டிப் படம் இல்லை, மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. கலெக்டர் மழை லீவு விட்டால் பிள்ளைகள் குதிப்பார்கள், தியேட்டர்காரர் குதிக்க மாட்டார். அது வீட்டுக்குள் அடைக்கும் லீவு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னை, செங்கல்பட்டு ஏரியா வசூல் நாள்கணக்கில் நின்றது. மாநில வசூலில் பெரும் பங்கு இந்த இரண்டு ஏரியாவில் இருந்து வருவது என்பதால் டெல்டாவில் வெயில் அடித்துப் பயனில்லை.

அரையாண்டு லீவு டிசம்பர் 24 வாக்கில் தொடங்கிப் புத்தாண்டோடு முடியும். கிறிஸ்துமஸும் சேர்ந்த பத்து நாள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பொங்கல் படங்கள் ஜனவரி 9, 10க்கே திரைகளைப் பிடுங்கிவிடும். டிசம்பர் மூன்றாம் வெள்ளியில் வந்தால் மூன்று வாரம், நான்காம் வெள்ளியில் வந்தால் இரண்டு வாரம். இதைப் பலரும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 டிசம்பர் 21 சாட்சி: ‘மாரி 2’, ‘அடங்க மறு’, ‘கனா’, கன்னடத்திலிருந்து ‘கே.ஜி.எஃப்.’ எல்லாம் ஒரே நாளில், ‘சீதக்காதி’ அதற்கு முந்தின நாளில். சரியாக இருபது நாளில் ‘பேட்ட’யும் ‘விஸ்வாசமு’ம் வந்து மொத்தத் திரையையும் வாரிக்கொண்டன.

இதே டிசம்பரில் சென்னையில் இன்னொரு கூட்டம் சபாக்களில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கச்சேரி சீசனும் விடுமுறை பெற்ற பிள்ளைதான். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு, அதோடு சேர்ந்து ஓர் இசை மாநாடு; அதிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்தது. நீதிமன்றமும் அலுவலகமும் மூடியிருக்கும் கிறிஸ்துமஸ் வாரம் வக்கீல்களுக்கும் அதிகாரிகளுக்கும் வசதி. இன்று அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு அதே வாரம் வசதி. மார்கழிப் பனி, திருப்பாவை எல்லாம் உண்மைதான்; ஆனால் லீவு இல்லாமல் மார்கழி மட்டும் இருந்திருந்தால் சபா கேன்டீனில் இவ்வளவு நெரிசல் இருக்காது.

பொங்கல்தான் ஆண்டின் ராஜா. சூரியக் கணக்கு என்பதால் ஜனவரி 14 அல்லது 15. ஓராண்டு முன்பே கண்ணை மூடிக்கொண்டு தேதி போடலாம். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் இரண்டும் அரசு விடுமுறை, ஆக மூன்று நாள் உறுதி. மீதி கிழமையைப் பொறுத்தது. 2025இல் செவ்வாய்க்கிழமை பொங்கல். அரசு வெள்ளிக்கிழமையையும் விடுமுறையாக்க, 14 முதல் 19 வரை ஆறு நாள். 2024இல் திங்கள் பொங்கல், சனி ஞாயிறு சேர்த்து ஐந்து நாள். 2023இல் பொங்கல் ஞாயிறன்று விழுந்ததால் ஒரு நாள் போனது. ‘துணிவு’, ‘வாரிசு’ இரண்டும் 11ஆம் தேதி புதன்கிழமையே வந்து அதை ஈடுகட்டின. சில ஆண்டுகளில் ரேஷன் அட்டைக்குப் பொங்கல் பணமும் வரும். 2021இல் 2,500 ரூபாய், 2023, 2024இல் 1,000 ரூபாய். அதில் ஒரு பகுதி டிக்கெட்டாக மாறும் என்பதைத் தியேட்டர்காரர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கணக்கில் வைத்திருப்பார்கள்.

ஏன் மோதுகிறார்கள் என்று கேட்டீர்கள். தமிழ்நாட்டில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் திரைகள். பொங்கல் வாரத்தில் இவை அத்தனையும் எல்லாக் காட்சிக்கும் நிரம்பும் என்றால், ஒரே படத்துக்கு அவ்வளவு கூட்டம் இல்லை, மிச்சம் இருக்கும். 2014இல் ‘வீரம்’, ‘ஜில்லா’, 2019இல் ‘பேட்ட’, ‘விஸ்வாசம்’, 2023இல் மேலே சொன்ன இரண்டு என, இரண்டு படத்தை இந்த வாரம் சுமக்கும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. முதல் படத்துக்கு டிக்கெட் கிடைக்காதவர் திரும்பிப் போவதில்லை, பக்கத்துத் திரைக்குப் போகிறார். தனியாகப் பிப்ரவரியில் முழுத் திரையும் வாங்குவதைவிடப் பொங்கலில் பாதித் திரை வாங்குவது லாபம். மூன்றாவது படத்துக்குத்தான் இடம் கிடையாது. அரிதாகப் பெரிய படம் விலகினால் காலியிடம் வரும்: 2025 பொங்கலில் இருந்து ‘விடாமுயற்சி’ பிப்ரவரி 6க்குத் தள்ளிப்போனது, 2013 பொங்கலுக்கு வரவேண்டிய ‘மத கஜ ராஜா’ பன்னிரண்டு ஆண்டு பெட்டிக்குள் கிடந்துவிட்டு ஜனவரி 12இல் வந்து, அந்தப் பொங்கலைத் தூக்கிக்கொண்டு போனது. லீவில் இருக்கும் குடும்பத்துக்குச் சிரிக்க ஒரு படம் வேண்டும், அது எந்த ஆண்டு எடுத்தது என்பது பற்றி அதற்குக் கவலை இல்லை.

பொங்கல், தீபாவளி இரண்டிலும் ஊர்க்கணக்கு தலைகீழாகும். சென்னையும் திருப்பூரும் காலியாகி, மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சைப் பக்கத்துச் சிறிய ஊர்கள் நிரம்பும். போகிக்கு முந்தின நாளிலிருந்து மாட்டுப் பொங்கல் வரை சென்னை மால் தியேட்டரை வைத்து ஒரு படத்தின் நிலையைக் கணிக்கக் கூடாது. அந்த நாள்களில் உசிலம்பட்டியில் எப்படி என்று கேளுங்கள்.

பிப்ரவரி, மார்ச் என்றதும் “தேர்வு நேரம், படம் ஓடாது” என்பார்கள். பாதி உண்மை. 2025இல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை, பத்தாம் வகுப்பு மார்ச் 28 முதல் ஏப்ரல் 15 வரை. இந்த வகுப்பில் பிள்ளை இருக்கும் வீட்டில் கேபிளையே பிடுங்கிவிடுவார்கள், தியேட்டர் எங்கே! குடும்பக் கூட்டம் சுத்தமாக நின்றுவிடும். ஆனால் கல்லூரிக் காலண்டர் வேறு. பொறியியல் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில் ஒன்று, ஏப்ரல், மே மாதம் ஒன்று. இடையில் ஜனவரி முதல் மார்ச் வரை கல்ச்சுரல்ஸ், சிம்போசியம், பிரிவு உபசார விழா என்று மாணவர்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றும் காலம். காதல் படமும் கல்லூரிப் படமும் நட்புப் படமும் அப்போது எடுபடும். 2024 பிப்ரவரி 22இல் வந்த மலையாள ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ டப்பிங்கூட இல்லாமல் தமிழ்நாட்டில் ஓடியதும், 2025 பிப்ரவரி 21இல் வந்த ‘டிராகன்’ ஓடியதும் இந்தக் கூட்டத்தால்தான். உங்கள் படம் குடும்பப் படம் என்கிறீர்கள். அப்படியானால் பிப்ரவரி 20க்கு மேல் ஏப்ரல் 10 வரை எட்டிப் பார்க்காதீர்கள்.

கோடை விடுமுறைதான் ஆண்டின் மிக நீண்ட லீவு, ஆறு வாரம். 2005 ஏப்ரல் 14இல் ‘சந்திரமுகி’, ‘சச்சின்’, ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ மூன்றும் ஒரே நாளில் வந்தபோது கோடைக்கு எதிரியே இல்லை. 2008 ஏப்ரலில் ஐ.பி.எல். வந்தது. மாலை ஏழரை மணி ஆட்டம் மாலைக் காட்சி, இரவுக் காட்சி இரண்டின் கழுத்திலும் கை வைக்கும். அதிலும் சென்னை அணி ஆடும் நாள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் வார நாள்களில் ஐ.பி.எல். காலை, மேட்னி காட்சிகளைத் தொடுவதில்லை. பகலில் யார் வருவார்கள்? பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வருபவர்களும். அதனால் கோடையில் பிழைப்பவை பேய்க் காமெடியும் விலங்குப் படமும் டப்பிங் படமும். ‘தி ஜங்கிள் புக்’ 2016இல் அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே, ஏப்ரல் 8இல் இந்தியாவில் வெளியானது.

கோடைக்கு இன்னொரு இடைஞ்சல் தேர்தல். 2019இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18. மறுநாள் ‘காஞ்சனா 3’ வந்தது. 2024இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பெரிய நடிகர் படம் எதுவும் இல்லை, மறுநாள் இருபது வயதான ‘கில்லி’யை மறுபடி வெளியிட்டார்கள், கூட்டம் குவிந்தது. அதற்கடுத்து மே 3இல் ‘அரண்மனை 4’. பிரசாரம் முடிந்து, மை காயாத விரலோடு வரும் முதல் வெள்ளியோ சனியோ, யாராவது ஒருவர் சரியாகப் பிடித்துவிடுகிறார்.

டிவியும் இதே காலண்டரைத்தான் பார்க்கிறது. சுட்டி டிவி தொடங்கியது 2007 ஏப்ரல் இறுதியில், பிள்ளைகள் ரிமோட்டைக் கைப்பற்றும் வாரத்தில். ‘பிக் பாஸ்’ தமிழ் முதல் மூன்று சீசன் ஜூனில் தொடங்கியது. 2020 முதல் அக்டோபர் தொடக்கத்துக்கு மாறியது. நூறு நாளைக் கூட்டிப் பாருங்கள், இறுதி நாள் பொங்கலை ஒட்டி விழும்.

பள்ளிக்குள் நடக்கும் மோகங்கள் மட்டும் இதற்கு நேர் எதிர். படம் லீவில் ஓடும். ஆனால் அதன் வசனமும் ஸ்டைலும் பள்ளி திறந்த பிறகுதான் பரவும், ஏனென்றால் காட்டிக்கொள்ள ஆள் வேண்டும். கோடையில் பார்த்த படத்தின் முடிவெட்டு ஜூன் மாத அசெம்பிளியில் பி.டி. வாத்தியார் கண்ணில் படும். டிரம்ப் கார்டு, பேபிளேடு, 2017இல் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் எல்லாம் பள்ளி நாள்களில் பற்றி எரிந்து, ஆசிரியர் மேசை இழுப்பறை நிரம்பியதும் அணைந்தவை. பாட்டுக்கும் ஒரு கெடு உண்டு. பள்ளி ஆண்டு விழா ஜனவரி, பிப்ரவரியில். நடனப் பயிற்சி அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கும். டிசம்பர் நடுவுக்குள் வந்த பாட்டுதான் மேடை ஏறும், அதுவும் வரிகளைத் தலைமையாசிரியர் படித்துப் பார்த்த பிறகு. ஜனவரி இறுதியில் வந்தது கல்லூரி கல்ச்சுரல்ஸுக்குப் போகும். ஏப்ரலில் வந்த பாட்டுக்கு இரண்டும் கிடையாது. கோயில் திருவிழா மைக்செட்டும் வைகாசிக் கல்யாண ரிசப்ஷனும்தான் அதற்கு அடைக்கலம்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். ஆண்டுக்கு 200க்கு மேல் தமிழ்ப் படங்கள் வருகின்றன, 52 வெள்ளிக்கிழமை. பண்டிகை வாரம் எட்டைப் பெரிய படங்களுக்கு விட்டால், மிச்ச வாரம் ஒவ்வொன்றிலும் நான்கு, ஐந்து படம். எனவே “காலியான வாரம்” என்று ஒன்றைத் தேடி அலையாதீர்கள். கடைசி நேரத்தில் இன்னும் மூன்று பேர் அதே காலியைக் கண்டுபிடித்திருப்பார்கள். பெரிய படம் வந்த மூன்றாவது வெள்ளியைத் தேடுங்கள்: அதற்குள் அதன் கூட்டம் வடிந்து, தியேட்டர்காரர் இரண்டு காட்சியையாவது மாற்றிக் கொடுக்கத் தயாராக இருப்பார். பண்டிகைக்கு முந்தின வெள்ளி மட்டும் வேண்டவே வேண்டாம். நன்றாக ஓடினாலும் ஆறாம் நாள் தூக்கிவிடுவார்கள். குடும்பப் படத்துக்கு என் தேர்வு ஏப்ரல் கடைசி வெள்ளி அல்லது மே முதல் வெள்ளி. பகல் காட்சிகளைக் கேட்டு வாங்குங்கள். மாலைக் காட்சிக்கு முண்டியடிக்காதீர்கள், அதை ஐ.பி.எல். சாப்பிடட்டும். அது முடியாவிட்டால் செப்டம்பர் கடைசி வெள்ளி.

தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். படத்தில் மாடு, நாய், கோழி எது நடித்திருந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் சான்று வேண்டும். அது இல்லாமல் சென்சார் நகராது, பல படங்கள் சிக்குவது இங்கேதான். சென்சார் விண்ணப்பத்தை ரிலீஸுக்கு ஆறு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். வெட்டச் சொன்னால் வெட்டி, ஒலியைத் திரும்பக் கலந்து, மறுபடி காட்ட நாள் வேண்டும். 2024 விதிகளுக்குப் பிறகு யு/ஏ சான்றிதழில் 7+, 13+, 16+ என்று மூன்று படி இருக்கிறது. அந்த எண் பெற்றோருக்கு ஒரு குறிப்புதான், பிள்ளையை வாசலில் தடுக்காது. ஆனால் சுவரொட்டியில் 16+ என்று இருந்தால் எட்டு வயதுப் பிள்ளையோடு வருபவர் தயங்குவார். ஒரு சண்டைக் காட்சியில் பத்து விநாடி ரத்தத்தைக் குறைத்து 7+ வாங்க முடியும் என்றால், கோடையில் அது லாபக் கணக்கு.

ஓ.டி.டி. ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தேதியைப் பாருங்கள். தமிழ்ப் படங்களுக்கு வழக்கமான இடைவெளி நான்கு வாரம். நீங்கள் ஏப்ரல் இறுதியில் வந்தால் மே இறுதியிலேயே, லீவு முடியும் முன்பே, படம் வீட்டுக்குள் வந்துவிடும். மூன்றாம் வாரத்திலேயே “ரெண்டு வாரத்துல வந்துடும்” என்று ஆள்கள் நின்றுவிடுவார்கள். முடிந்தால் ஆறு வாரம் கேளுங்கள். வெளிநாட்டு உரிமை விற்கும்போது நம் காலண்டரை அப்படியே நீட்ட வேண்டாம்: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தீபாவளி பொது விடுமுறை, தைப்பொங்கல் நாடு முழுவதற்குமான விடுமுறை இல்லை, இலங்கையில் இரண்டும் விடுமுறை.

கடைசியாக, வெள்ளிக்கிழமை காலை. படம் இப்போது டிஜிட்டல் கோப்பாகத்தான் தியேட்டருக்குப் போகிறது. அதைத் திறக்கக் கே.டி.எம். எனும் சாவி வேண்டும். ஃபைனான்சியருக்கோ டிஜிட்டல் நிறுவனத்துக்கோ பாக்கி இருந்தால் சாவி வராது. “தொழில்நுட்பக் கோளாறு, காலைக் காட்சி ரத்து” என்று தியேட்டர் வாசலில் எழுதி ஒட்டுவதில் பெரும்பாலானவை இந்தப் பாக்கிதான். லீவு நாளில் குடும்பத்தோடு வந்து திரும்பிப் போனவர் மாலைக் காட்சிக்கு வர மாட்டார், பக்கத்துத் திரையில் வேறு படம் பார்த்திருப்பார். பாக்கியைப் புதன்கிழமைக்குள் எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். சாவி வியாழன் இரவே எல்லா ஏரியாவுக்கும் போய்விட்டதா என்று விநியோகஸ்தரைத் தியேட்டர் வாரியாகக் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு திங்கட்கிழமை மாலைக் காட்சியைப் பாருங்கள். ஞாயிறு மேட்னியில் பாதிக் கூட்டமாவது திங்கள் மாலை இருந்தால், அடுத்த வெள்ளிக்குத் திரையைத் தக்கவைத்துப் பேசலாம்.